உதவி: கொஞ்ச நேரத்தில் துளிகள் செல் இல்லாமல் காலியாக வருகின்றன

முனைத்துளி:
பைசோ ஹெட்டில் (மின் துடிப்பால் மையைத் துளித்துளியாகத் தள்ளும் இங்க்ஜெட் தலை) ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசு செல்களை அச்சிடப் பார்க்கிறேன். நாசில் (துளி வெளிவரும் துளை) 80 மைக்ரான், நொடிக்கு 500 துளி (500 ஹெர்ட்ஸ்), துளியின் விட்டமும் கிட்டத்தட்ட 80 மைக்ரான்தான். மை என்பது சீரம் கலந்த வழக்கமான மீடியம் (செல் வளர்க்கும் திரவம்), மி.லி.க்கு 10 லட்சம் செல்கள். மேசை ஓரத்தில் இருக்கும் சிரிஞ்சிலிருந்து 20 செ.மீ. டியூப் (உள்விட்டம் 1 மி.மீ.) படுக்கையாக ஹெட்டுக்கு வருகிறது.

ஆரம்பத்தில் செல்கள் வருகின்றன. அப்புறம் குறைந்துகொண்டே போய் வெறும் மீடியம்தான் விழுகிறது, ஆனால் கேமராவில் பார்த்தால் துளியின் அளவும் வேகமும் துளிகூட மாறவில்லை. நடுவில் திடீரென்று ஒரு கொத்து செல் வந்து நாசிலை அடைக்கும். செல் போடாத மீடியம் மட்டும் என்றால் மணிக்கணக்கில் ஓடுகிறது. வோல்டேஜை ஏற்றினேன், துணைத் துளிகள்தான் (முதன்மைத் துளியோடு வரும் சின்னத் துளிகள்) கூடின. பல்ஸை (ஹெட்டுக்குத் தரும் மின் துடிப்பை) மாற்றுவதா, ஹெட்டையே மாற்றுவதா?

வெள்ளிமை:
நான் வெள்ளி நானோ துகள் மை ஓட்டுகிறவன், செல் பற்றித் தெரியாது. எங்கள் பக்கம் துகள் நாசில் விட்டத்தில் 50-ல் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பார்கள். உங்கள் செல் 15 மைக்ரான் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கம் வருகிறதே! ஹெட்டுக்கு முன்னால் ஒரு வடிகட்டி போடுங்கள்.

அடிமண்டி:
வடிகட்டி போட்டால் செல்லும் அதிலேயே நின்றுவிடும், வேண்டாம். செல் மென்மையானது, ஒற்றையாக வந்தால் 80 மைக்ரானில் நழுவிப் போய்விடும், கொத்தாக வந்தால்தான் வம்பு. துளியின் வேகம் மாறவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்படியென்றால் ஹெட்டும் பல்ஸும் சரியாகத்தான் இருக்கின்றன, அதை விட்டுவிட்டு டியூபைப் பாருங்கள்.

15 மைக்ரான் செல், மீடியத்தைவிட அடர்த்தி 5 சதவீதம் அதிகம் என்று வைத்து ஸ்டோக்ஸ் விதியில் (திரவத்தில் துகள் மூழ்கும் வேகத்தைச் சொல்வது) போட்டால் நொடிக்கு 6 மைக்ரான் வேகத்தில் கீழே இறங்கும். 1 மி.மீ. டியூபின் அடியைத் தொட 3 நிமிடம் போதும். இப்போது மை நகரும் வேகம்: 80 மைக்ரான் துளி 268 பிகோலிட்டர் (ஒரு மைக்ரோலிட்டருக்கு 10 லட்சம் பிகோலிட்டர்), 500 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு சுமார் 8 மைக்ரோலிட்டர். டியூபுக்குள் இருப்பதோ 157 மைக்ரோலிட்டர், ஆக சிரிஞ்சை விட்ட செல் ஹெட்டைத் தொட 20 நிமிடம் ஆகும். 3 நிமிடத்தில் படுத்துவிடுகிற ஆளை 20 நிமிடம் நடக்கச் சொல்கிறீர்கள். அடியில் குவிந்தது எப்போதாவது பெயர்ந்து வரும்போதுதான் அந்தக் கொத்து. ஒரு தடவை ஓட்டி முடித்ததும் டியூபை வெட்டி அதன் அடியில் இருப்பதை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

முனைத்துளி:
வெட்டிப் பார்த்தேன், டியூபின் அடியில் வெள்ளைக் கோடாக வரிசையாகக் கிடக்கின்றன. ஆனால் ஆரம்பத்தில்கூடப் பாதிக்கு மேல் துளிகள் காலியாகத்தான் இருந்தன, அது ஏன்?

அடிமண்டி:
அது கோளாறே இல்லை. மி.லி.க்கு 10 லட்சம் என்றால் 1000 பிகோலிட்டருக்கு ஒரு செல், உங்கள் துளிக்குச் சராசரி 0.27. பாய்சான் பரவல்படி (தற்செயலாக விழுவதை எண்ணும் கணக்கு) நான்கில் மூன்று துளி காலியாகத்தான் வரும், எவ்வளவு கலக்கினாலும் சரி. அதற்காக மையில் செல் எண்ணிக்கையை இஷ்டத்துக்கு ஏற்றினால் கொத்து கூடும், ஒரே இடத்தில் சில துளிகளை அடுத்தடுத்து விடுவதே மேல்.

டியூபுக்கு வருவோம். சிரிஞ்சை ஹெட்டுக்கு நேர் மேலே கொண்டுபோய் டியூபைக் குட்டையாக, செங்குத்தாக வையுங்கள், சிரிஞ்சுக்குள் மெதுவாகக் கலக்கியும் வையுங்கள். ஆனால் உயரம் மாறினால் நாசிலில் அழுத்தமும் மாறும், 1 மி.மீ.க்கு 10 பாஸ்கல், மேலே போனால் மீடியம் கசிந்து நாசில் முகத்தை நனைத்துவிடும். சீரம் இருப்பதால் இன்னும் சுலபமாக நனையும், துளி கோணலாகப் போகும். சிரிஞ்சின் மேல்பக்கம் லேசான எதிர்மறை அழுத்தம் (உறிஞ்சல்) கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

செல்விதை:
அயோடிக்சனால் (திரவத்தின் அடர்த்தியைக் கூட்டும் பொருள்) சேர்த்து மையின் அடர்த்தியை செல்லுக்குச் சமமாக்குவதுதான் என் கட்சி. மொத்த மையில் ஏழில் ஒரு பங்கு அதன் 60 சதவீதக் கரைசலாக இருக்கும்படி கலந்து தொடங்குங்கள், அப்புறம் உங்கள் செல்லுக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். வோல்டேஜை இறக்கிவிடுங்கள். மீடியத்துக்கு பாகுநிலை ரொம்பக் குறைவு, உங்கள் நாசிலுக்கு Z மதிப்பு (பரப்பு இழுவிசையோடு ஒப்பிட்டால் பாகுநிலை எவ்வளவு குறைவு என்று காட்டும் எண்) 60-க்கு மேல் வரும், 1 முதல் 10 வரைதான் வசதியானது என்பார்கள், அதனால் துணைத் துளி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்னொன்று, உலர்ந்த தட்டில் அச்சிடாதீர்கள். அவ்வளவு சின்னத் துளி சீக்கிரம் காய்ந்து, உப்புச் செறிவு ஏறி செல் செத்துப்போகும், பழியை நாம் ஹெட் மேல் போடுவோம். ஈரமான ஜெல் மேல் விடுங்கள்.

முனைத்துளி:
சிரிஞ்சை மேலே ஏற்றி, அயோடிக்சனாலும் சேர்த்தாயிற்று. முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் செல் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. வோல்டேஜை இறக்கியதும் துணைத் துளிகள் பெரும்பாலும் முதன்மைத் துளியோடு சேர்ந்துவிடுகின்றன. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கும்போது முதல் சில துளிகள் மட்டும் கோணலாகப் போகின்றன.

செல்விதை:
நிறுத்தியிருக்கும்போது நாசில் வாயில் நீர் ஆவியாகிப் புரதம் கெட்டியாகிறது. தட்டுக்கு வெளியே கொஞ்சம் துளி விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.