பசுங்கூரை மண்ணுக்கு அடியில் போட்ட வெப்பக்காப்புப் பலகை நீர் குடித்துவிட்டதா?

கேள்வி: ரோஸ் ஹில்லிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மொரிசியசில், ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டு மாடியறைக்கு மேலே ஏறத்தாழ 40 சதுர மீட்டர் தட்டையான கான்கிரீட் தளம் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு பத்து மணிக்கும் அந்த அறையில் அனல் தணிவதில்லை. என் மாமியார் அங்கேதான் படுக்கிறார். வயதானவர் என்பதால் எனக்கு அது பெருங்கவலை. ஆகவே சென்ற ஆண்டு தளத்தின்மேல் புல்லும் பூச்செடிகளும் வளர்க்க முடிவுசெய்து, அவற்றுக்கு அடியில் வெப்பக்காப்பும் போடச் செய்தோம்.

அடுக்குகளைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். கான்கிரீட்டின்மேல் பிட்டுமென் நீர்க்காப்பு விரிப்பு. அதன்மேல் 5 சென்டிமீட்டர் வெள்ளைப் பாலிஸ்டைரீன் பலகை, அதாவது தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பும், மணிமணியாக உதிரும் வகை. அதன்மேல் தடித்த கறுப்புப் பாலித்தீன் தாள். அதன்மேல் 15 சென்டிமீட்டர் தோட்டத்துச் செம்மண். முதல் இரண்டு மாதங்கள் அறை நன்றாகவே இருந்தது. கோடை மழை வந்துபோனபின் பழைய சூடு திரும்பிவிட்டது. மூன்று நாள் வெயில் அடித்தாலும் மண் இரண்டு இடங்களில் சேறாகவே நிற்கிறது. வடிகுழாய்க்கு நேர் கீழே அறையின் உட்கூரையில் ஈரத்திட்டு ஒன்றும் தெரிகிறது. வேலை செய்தவர், மண்ணை இன்னும் 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் சூடு குறையும் என்கிறார். ஒரு மூலையில் கறிவேப்பிலைக் கன்றும், அதற்குப் பக்கத்தில் முருங்கைக் கொம்பும் ஊன்றியிருக்கிறேன். நான் எங்கே தவறினேன் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: கட்டுமான வேலையில் இருப்பவர், குவாத்ர் போர்ன்

அம்மா, மண்ணை ஒரு கூடைகூட ஏற்ற வேண்டாம். நீர் குடித்த செம்மண் ஒரு கன மீட்டர் 1,800 முதல் 2,000 கிலோ வரை கனக்கும். 15 சென்டிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு 270 கிலோவுக்குக் குறையாது. உங்கள் தளம் முழுவதற்கும் ஏறத்தாழ 11 டன். ஆட்கள் நடமாடுவதற்கான வீட்டு மொட்டைமாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150, 200 கிலோ அளவில்தான் கணக்கிடுவார்கள். 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் கரோல் புயல் வந்துபோன பிறகுதான் மரமும் தகரமுமாக இருந்த நம் வீடுகள் கான்கிரீட்டுக்கு மாறத் தொடங்கின. காற்றுக்குப் பறக்காத கூரை வேண்டும் என்பதே அப்போதைய எண்ணம். அதன்மேல் ஈரமண் ஏறும் என்று யாரும் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். உங்கள் வீடு எந்தக் காலத்தது என்று எனக்குத் தெரியாவிட்டாலும், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்கும்வரை பாதி மண்ணையாவது கீழே இறக்கிவிடுங்கள். இறக்கும்போது ஒரே இடத்தில் குவித்துவைக்கக் கூடாது.

மண்ணைக் கூட்டினால் சூடு குறையும் என்பதும் சரியல்ல. செடியின் நிழலும், இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீர் ஆவியாவதும்தான் பசுங்கூரையைக் குளிரவைக்கின்றன. ஈரமண் தன்னளவில் வெப்பத்தை எளிதாகக் கடத்திவிடும். உலர்ந்த 5 சென்டிமீட்டர் பாலிஸ்டைரீன் தடுக்கும் வெப்பத்தைக் கான்கிரீட்டைக் கொண்டு தடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் கனம் தேவைப்படும். ஆகவே பலகை உலர்ந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேறு நிற்காத இடத்தில் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் அளவில் ஒரு துண்டை அறுத்தெடுத்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அந்த வகைப் பலகை கன மீட்டருக்குச் சுமார் 20 கிலோ என்பதால் உலர்ந்த துண்டு 250 கிராம் அளவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் வருவதெல்லாம் தண்ணீர்.

பதில் 2: கூரைத் தோட்டம் வைத்திருப்பவர், வாக்வா

மேலே அண்ணன் சொன்ன எடை விஷயத்தை முதலில் முடித்துவிடுங்கள். நான் அடுக்குகளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ஏறத்தாழ இதே தவறை நானும் செய்து, போட்டதையெல்லாம் பிரித்தெடுத்திருக்கிறேன்.

நீர்க்காப்பு விரிப்புக்கு மேலே வெப்பக்காப்பைப் போடுவது நல்ல முறைதான்; விரிப்பை வெயிலிலிருந்தும் மண்வெட்டியிலிருந்தும் பலகையே காக்கும். ஆனால் அந்த இடத்தில் பலகை எப்போதும் ஈரத்தோடு வாழ வேண்டியிருப்பதால், மணிகள் ஒட்டிய வெள்ளைப் பலகை அங்கே நிற்காது. மணிகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளில் நீர் ஏறிவிடும். எக்ஸ்பிஎஸ் (மணிகளாக இல்லாமல், உருக்கிப் பிதுக்கி ஒரே பாளமாகச் செய்யும் பாலிஸ்டைரீன் பலகை) என்று கேட்டு வாங்குங்கள். அதனுள் இருக்கும் நுண்ணிய காற்றறைகள் மூடியவை, வெட்டிய பக்கம் வழவழப்பாக இருக்கும், பெரும்பாலும் நீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறங்களில் வரும். வெள்ளைப் பலகையைத்தான் போட வேண்டும் என்றால் அது நீர்க்காப்புக்கு அடியில், தனி ஆவித்தடுப்புத் தாளின்மேல் இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு துளை விழுந்தாலும் உள்ளே தேங்கும் நீர் வெளியேற வழியிராது. நம் மழைக்கு அந்த முறையை நான் விரும்பமாட்டேன்.

உண்மையான கேடு பலகைக்கு மேலே விரித்த பாலித்தீன் தாள் என்று நினைக்கிறேன். பலகைக்கு அடியில் எப்போதும் சிறிது ஈரம் நிற்கும். மழை பெய்து மண் குளிரும் இரவில் சூடான தளத்திலிருந்து அந்த ஈரம் ஆவியாகிப் பலகை வழியே மேலேறும். மேலே தாள் அடைத்திருந்தால் ஆவி அங்கேயே குளிர்ந்து பலகைக்குள் நீராகத் தங்கிவிடும். அதனால் எக்ஸ்பிஎஸ் பலகையைக்கூட இப்படி மூடக்கூடாது. தாளுக்கு மேல் வடிகால் அடுக்கு இல்லாததால்தான் உங்கள் மண் சேறாக நிற்கிறது.

வேர்த்தடுப்புத் தாள் பலகைக்குக் கீழே, நீர்க்காப்பை ஒட்டி இருக்கட்டும். அதன்மேல் எக்ஸ்பிஎஸ் பலகை, அதன்மேல் ஆவி புகும் வடிகட்டித் துணி, பிறகு தண்ணீரைத் தேக்கிவைக்காத வடிகால் அடுக்கு, மீண்டும் ஒரு வடிகட்டித் துணி, கடைசியில் எடை குறைந்த, துளைகள் நிறைந்த கல்லைப் பெரும்பங்காகக் கொண்ட மண்கலவை 8 அல்லது 10 சென்டிமீட்டர். கரைப்பான் கலந்த பிட்டுமென் பசை பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும் என்பதால் பலகையை ஒட்டாமல் தளர்வாக அடுக்குங்கள். கறிவேப்பிலையையும் முருங்கையையும் தரைக்கு மாற்றிவிடுங்கள். இந்த ஊரில் முருங்கைக்கீரை இல்லாத வீடு கிடையாது, ஆனால் அதன் வேருக்குக் கூரை இடமல்ல. கறிவேப்பிலையோ பக்கக்கன்று விட்டுக்கொண்டே போகும்.

மறுமொழி: கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. துண்டை அறுத்து நிறுத்தபோது 1 கிலோ 100 கிராம் காட்டியது. எனக்கு மனம் கனத்துப்போயிற்று. மண்ணைப் பாதிக்கு மேல் இறக்கிவிட்டோம், பொறியாளரையும் அழைத்திருக்கிறோம். இரண்டு சந்தேகங்கள் மட்டும். இந்தப் பலகைகளை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாமா? ஈரத்திட்டு பலகையால் வந்ததா, விரிப்பு ஓட்டையாகிவிட்டதா?

பதில் 1: கட்டுமான வேலையில் இருப்பவர், குவாத்ர் போர்ன்

அம்மா, பன்னிரண்டரை லிட்டர் கனஅளவுள்ள துண்டில் 850 கிராம் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 7 விழுக்காடு. காயவைத்தாலும் அதே இடத்தில் மீண்டும் குடிக்கும். ஆகவே போட வேண்டாம்.

திட்டு வடிகுழாய்க்கு நேர் கீழே இருப்பதால், விரிப்பு குழாயின் கழுத்தோடு சேரும் இடத்தையே நான் ஐயப்படுகிறேன். எல்லாவற்றையும் அகற்றியபின் வடிகுழாயை அடைத்து, பொறியாளர் ஒப்புக்கொண்டால் 3 முதல் 5 சென்டிமீட்டர் தண்ணீரை 24 மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். 5 சென்டிமீட்டர் தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ என்பதால்தான் அவரைக் கேட்கச் சொல்கிறேன். சோதனையில் தேறாத விரிப்பின்மேல் பலகை வைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். குழாயைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குச் செடியில்லாமல் கூழாங்கல் போட்டு, திறந்து பார்க்கும் மூடியும் வைத்துவிட்டால் பிறகு இலை அடைத்தாலும் கையால் எடுக்கலாம்.

வேலையை ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் முடித்துவிடுங்கள். இந்தப் பலகை மிக இலேசானது. அடைத்த கூரையில் தண்ணீர் ஏறினால் மிதக்கும், காற்று அடித்தால் பறக்கும். புயல் பருவத்தில் மண் போடாமல் ஒரு நாள்கூடத் திறந்து வைக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வெறும் கான்கிரீட் தெரியுமானால் அந்தப் பட்டையிலும் பலகை அடுக்கி மேலே சிமெண்டுக் கற்கள் பதியுங்கள். மாமியாரின் அறைக்கு மேற்குச் சுவர் இருந்தால் மாலை வெயில் அந்த வழியாகவும் வரும். கூரை வேலை முடியும்வரை அதற்கு வெளிப்புறத்தில் ஒரு நிழல்துணி கட்டிவையுங்கள்.