அனோரெக்சியா: மகளுக்கு நோய், தெரபி எங்களுக்கா?

மெல்பர்ன் அம்மா:
என் மகளுக்கு 15 வயசு. அனோரெக்சியா நெர்வோசான்னு, அதாவது எடை ஏறிடுமோன்னு பயந்து சாப்பாட்டை ஒதுக்கற நோய்னு, போன மாசம் உறுதி பண்ணிட்டாங்க. இங்க கிளினிக்ல நர்ஸ் அவளுக்கு எடை பார்த்து, கொஞ்ச நேரம் பேசி அனுப்பிடறாங்க. தெரபிஸ்ட் பேசறது முழுக்க என்கிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும்தான். ஒவ்வொரு வேளையும் கூடவே உட்காரணுமாம், தட்டுல என்ன வைக்கறதுன்னு நாங்கதான் முடிவு பண்ணணுமாம். நேத்து ஒரு தோசைக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நெய் தடவினதைப் பார்த்து அப்படி அழுதா. மாமியார் ஊர்லேர்ந்து போன் பண்ணி, "ஏன் புள்ளையை வதைக்கறே, பசிச்சா தானே சாப்பிடுவா"ங்கறாங்க. அவ மனசுல என்ன இருக்குன்னு யாரும் கேக்கவே இல்லையேன்னு எனக்கும் அடிச்சுக்குது. தனி கவுன்சிலிங் கேட்டு வாங்கலாமா?

சுதா (உளவியலாளர்):
இப்போதைக்கு மாற்றாதீர்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது உங்கள் ஊரிலேயே சோதித்துப் பார்த்த முறை. டேனியல் லெ கிராஞ்ச் என்ற ஆய்வாளரின் குழுவினர் மெல்பர்னில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் ஒரு பாதிக்குக் குடும்பத்தோடு தெரபி கொடுத்தார்கள். மறுபாதியில் பெற்றோரிடம் மட்டும் பேசினார்கள். முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதச் சிகிச்சையின் முடிவில் தேறியவர்கள் முதல் பிரிவில் 22%, இரண்டாவதில் 43%. அடுத்த ஒரு வருடத்தில் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் மகள் அறையில் இல்லாததால் அவளுக்கு நஷ்டம் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

தனி தெரபியையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் லாக் குழு 121 பேரிடம் நடத்திய ஆய்வு, 2010. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், குடும்ப சிகிச்சையில் 49% பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள், தனி தெரபியில் 23%. பாதிப் பேருக்கு இதுவும் போதவில்லை என்பதையும் நான் மறைக்க மாட்டேன்.

பட்டினி கிடக்கும் மூளையிடம் மனசைப் பற்றிக் கேட்டால் பதில் பட்டினியிலிருந்துதான் வரும். 1944-45இல் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கே எரிச்சல், சோர்வு, இருபத்து நாலு மணி நேரமும் சாப்பாட்டு நினைப்பு. 15 வயசுப் பிள்ளை என்ன செய்வாள்? பசித்தால் சாப்பிடுவாள் என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது. மாமியாரிடம் உங்கள் வீட்டுக்காரரே பேசட்டும்.

கோவை அண்ணன்:
மேடம், என் தங்கச்சிக்கு 27 வயசு, இதே நோய்தான். அவளுக்கும் இப்படி உட்கார்ந்து ஊட்டலாமா?

சுதா:
அவருக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் மேலே சொன்னதெல்லாம் வளரிளம் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு எந்தத் தெரபியும் தனியாக முந்தி நிற்கவில்லை. ஜெர்மனியில் 242 பெண்களிடம் மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள், 2014இல் வெளியானது. மூன்றிலும் எடை கூடியது, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை. இந்த நோயில் அனுபவம் உள்ள, தங்கை நம்பித் தொடர்ந்து போகக்கூடிய ஒருவரைத் தேடுங்கள்.

மெல்பர்ன் அம்மா:
ரொம்ப நன்றிங்க. இது வேலை செய்யுதான்னு எப்போ தெரியும்?

சுதா:
சீக்கிரமே தெரியும். நாலாவது வாரத்துக்குள் 2.3 கிலோ அளவுக்கு ஏறினால் நல்ல அறிகுறி. ஏறவில்லையென்றால் காத்திருக்காமல் தெரபிஸ்டிடம் அன்றைக்கே பேசுங்கள். மயக்கம் வந்தாலோ, சாப்பாட்டை அடியோடு மறுத்தாலோ நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.