ஹார்ப் முதல்ல, ஆர்க்கெஸ்ட்ரா பிறகு

நித்யா: சித்தப்பா, ஹார்ப்ங்கிற பெரிய கம்பி வாத்தியம் வாசிச்சுப் பாடுற ஜோயன்னா நியூசமோட ‘ஈஸ்’ ஆல்பம் போட்டேன். அஞ்சே பாட்டு, 55 நிமிஷம். முதல் பாட்டே 12 நிமிஷம், பாதியில தொலைஞ்சுட்டேன் 😵

ரவி சித்தப்பா: வரிசையா கேட்காதே. மூணாவது, ‘சாடஸ்ட் அண்ட் டைமண்ட்ஸ்’. குரலும் ஹார்ப்பும் மட்டும்தான். அதுல காது பழகினதும் மத்ததுக்குப் போ. ‘ஒன்லி ஸ்கின்’ கிட்டத்தட்ட 17 நிமிஷம், அது கடைசி.

செல்வி அத்தை: ஆல்பம் உருவானதும் அப்படித்தான். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி குரலையும் ஹார்ப்பையும் முதல்ல பதிவு பண்ணிட்டார். வான் டைக் பார்க்ஸ் அமைச்ச ஆர்க்கெஸ்ட்ரா 2006ல அதுமேல ஏறினது. வயலின் எல்லாம் நியூசம் இழுக்குற இழுப்புக்குத்தான் போகும்.

கார்த்தி: சில இடத்துல ஆர்க்கெஸ்ட்ரா வரிக்கு மேல ஏறிப் பேசுது அத்தை. ‘மங்கி அண்ட் பேர்’ல மட்டும் பொருந்துது, கதை ஓடுறதால.

நித்யா: ஈஸ் கடல்ல மூழ்கின ஊர்தானே? பாட்டுல வரவே இல்லையே?

செல்வி அத்தை: தலைப்போட சரி. பிரான்ஸ்ல பிரெத்தாஞ் கரையோரக் கதை அது. கிராட்லான் ராஜாவோட ஊர், கடல்மட்டத்துக்குக் கீழ. மக தாஹுத்தால மதகு திறந்து ஊரே போச்சு. ‘மங்கி அண்ட் பேர்’ பாட்டுல குரங்கு, கரடியைப் பண்ணையிலிருந்து கூட்டிட்டுப் போய் ஆடவச்சுக் காசு பாக்கும். கடைசியில கரடி கடல்ல இறங்கித் தோலைக் கழட்டும். கடல் அங்க வருது.

கார்த்தி: இந்த ஹார்ப் வாசிப்பைக் கீபோர்டுல எடுக்கலாமா?

ரவி சித்தப்பா: எடுக்கலாம், சுண்டுவிரலை மடக்கு. ஹார்ப்ல கைக்கு நாலு விரல்தான், ஒரே நேரம் எட்டு சுரம். கம்பி தானா ஒலிச்சுக்கிட்டே இருக்கும், அதனால கீபோர்டுல ஒலியை நீட்டுற சஸ்டெயின் பெடலை அழுத்தியே வை. கார்டு மாறும்போது எடுத்து மறுபடி அழுத்து, இல்லன்னா கீழ்ச்சுரம் எல்லாம் குழம்பிடும்.
ஹார்ப்ல 47 கம்பி, சுரத்துக்கு ஒண்ணா 7 பெடல். ஒண்ணை மிதிச்சா அந்தச் சுரம் எல்லா ஸ்தாயிலயும் மாறும். பெடல் பாதியில நின்னா கம்பி கரகரக்கும்.

நித்யா: ரெண்டு கையும் வேற வேற தாளத்துல போகுதே?

ரவி சித்தப்பா: நாலுக்கு மூணு. 12 எண்ணு. வலது 1, 4, 7, 10. இடது 1, 5, 9.

கார்த்தி: 9ல இடறுது 😅

ரவி சித்தப்பா: 4-5 வலது இடது, 9-10 இடது வலது. திரும்புற இடம் அது. தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60ல வச்சு 9-10 மட்டும் தனியா தட்டு.