கெப்பாசிட்டர் கணக்குல மாட்டிக்கிட்டேன், யாராவது சொல்லுங்க

இன்னைக்கு ஃபைனல் பிசிக்ஸ் எக்ஸாம் முடிஞ்சு வெளிய வந்து விடைய ஒப்பிட்டுப் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல. கணக்கு இதுதான், 2 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர (சார்ஜ சேத்து வைக்குற பாகம்), 100 வோல்ட் பேட்டரில சார்ஜ் பண்ணி, பேட்டரிய கழட்டிட்டு, அப்புறமா கே மதிப்பு (சார்ஜ் பிடிச்சு வைக்குற திறன் எத்தன மடங்கு ஆகும்ங்குற எண்) 5 இருக்குற டைஎலக்ட்ரிக்க (மின்சாரம் கடத்தாத பொருள்) முழுசா உள்ள விடறாங்க, இப்ப எனர்ஜி எவ்ளோ?

கூட எழுதின நாலு பேருக்கும் 50 மில்லி ஜூல், எனக்கு மட்டும் 2. பேட்டரி இல்லாததால சார்ஜ் 200 மைக்ரோ கூலூம் அப்படியே இருக்கும், வோல்டேஜ் 20க்கு இறங்கிடும்னு போட்டேன். வீட்டுக்கு வந்து எனர்ஜிக்கான ரெண்டு ஃபார்முலாலயும் மறுபடி போட்டேன், அதே 2 தான் வருது. புக்ல பேட்டரிய கழட்டாம செய்யுற கணக்குதான் இருக்கு.

ஆனா அவங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல: முதல்ல 10 மில்லி ஜூல் இருந்துச்சே, என் விடை சரின்னா மீதி 8 எங்க போச்சு?