நடுவாண்டில் பள்ளியை மூடிவிட்டார்கள்: மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளைகளை எங்கே சேர்ப்பது?

கேள்வி:
காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, அவர்கள் படித்த மெட்ரிக் பள்ளியின் வாயிலில் பூட்டுத் தொங்கியது. நிர்வாகக் காரணங்களால் பள்ளி இயங்காது என்று ஒரு தாள் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. தாளாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. மகள் ஏழாம் வகுப்பு, மகன் பத்தாம் வகுப்பு. மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா? மகன் இந்த ஆண்டே பொதுத்தேர்வு எழுத முடியுமா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):
மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆதாரையும் பழைய மதிப்பெண் அட்டையையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே செல்லுங்கள்.

மகனுடைய நிலைதான் அவசரமானது. பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் (EMIS) இணையதளத்தில் உள்ள விவரங்களைக் கொண்டே தயாராகிறது. பழைய பள்ளி அவருடைய பெயரை அத்தளத்தின் பொதுத் தொகுப்புக்கு மாற்றினால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள இயலும். பூட்டிக் கிடக்கும் பள்ளியில் அதைச் செய்ய ஆளிருக்காது என்பதால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடமும் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் மகனின் எமிஸ் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் அந்த மேசையிலேயே மறந்துவிடுவார்கள். பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை தடையில்லை. மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பத்தாம் வகுப்பில் ஒரே பாடநூல்தான், ஆங்கில வழிப் பிரிவும் பல அரசுப் பள்ளிகளில் உண்டு.

மறுமொழி 2 (பெற்றோர் ஒருவர்):
தனியாகப் போகாமல், அதே பள்ளியில் படித்த மற்ற பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் ஒரே மனுவாகக் கொடுங்கள். கட்டண ரசீதுகளின் நகல்களை இணைக்க வேண்டும். நிர்வாகத்தினர் பிறகு வந்து, பாக்கியைக் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று பேரம் பேசினால் மசிய வேண்டாம். மாற்றுச் சான்றிதழைக் கட்டண வசூலுக்கான கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மறுமொழி 3:
இடையில் அரசுப் பள்ளிக்கு மாறினாலே மருத்துவப் படிப்பில் ஒதுக்கீடு கிடைத்துவிடும் என்று பலர் தவறாக நம்பியிருக்கிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே பொதுவாகக் கிடைக்கும். எனவே அதை எண்ணிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்காமல், பத்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா என்பதை மட்டும் விசாரித்துச் சேருங்கள்.