ஆஸ்துமா இருக்கிற அம்மாவுக்கு ஆபரேஷன், அன்று காலை இன்ஹேலர் எடுக்கலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது, பல வருடமாக ஆஸ்துமா. பித்தப்பைக் கல்லுக்கு அடுத்த வாரம் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்). வெறும் வயிற்றில் வரச் சொன்னதால் அன்று இன்ஹேலரும் கூடாது என்கிறார். சளியும் ராத்திரி இருமலும் வேறு இருக்கிறது, ஆனால் தேதி தள்ளிப்போகும் என்று டாக்டரிடம் அதைச் சொல்ல விடமாட்டேன் என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில் 1:
மயக்க மருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். இன்ஹேலரை நிறுத்தவே வேண்டாம். வெறும் வயிறு என்பது சாப்பாட்டுக்குத்தான், தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரை அன்று காலையும் எடுத்துவிட்டு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் போதும். இழுப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரையும் அதில் மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழாயையும் கையோடு கொண்டுபோங்கள், மயக்கம் கொடுப்பதற்கு 20, 30 நிமிடம் முன்னால் பெரும்பாலும் சில பஃப் எடுக்கச் சொல்வார்கள்.

சளியை மட்டும் தயவுசெய்து மறைக்காதீர்கள். சளி பிடித்த மூச்சுக்குழாய் சில வாரங்களுக்குச் சும்மா தொட்டாலே சுருங்கும் நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் தொண்டைக்குள் குழாய் இறக்கினால் சட்டென்று இறுகிக்கொள்ளும், வென்டிலேட்டரில் அழுத்தம் ஏறும், காற்று உள்ளே போகாது, ஆக்சிஜன் இறங்கும். அதனால்தான் அவசரமில்லாத ஆபரேஷனை 4 முதல் 6 வாரம் தள்ளிவைப்பது வழக்கம். முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருந்துகளையும் பார்த்துத் தேர்ந்தெடுப்போம்: புரோபோஃபால், கீட்டமைன், செவோஃபுளூரேன் எல்லாம் ஆஸ்துமாவுக்கு ஒத்துப்போகும், டெஸ்ஃபுளூரேன் மூச்சுக்குழாயை உறுத்தும்.

பதில் 2:
நானும் ஆஸ்துமாக்காரிதான், எனக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து போட்டால் இழுப்பு வந்துவிடும். ஆபரேஷனுக்கு அப்புறம் வலிக்குக் கொடுப்பது பெரும்பாலும் அந்த வகை மாத்திரைதான், அதனால் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ அம்மாவுக்கு எப்போதாவது சேராமல் போயிருந்தால் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். மூக்கில் சதை வளர்ந்திருந்தால் இன்னும் கவனம்.

பதில் 1:
சரியாகச் சொன்னீர்கள். கடந்த சில மாதங்களில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்திருக்கும், ஆபரேஷன் சமயத்தில் அதை ஈடுகட்ட ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி தேவைப்படலாம்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், நாளைக்கே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று சம்மதித்துவிட்டார். ஒருவேளை தள்ளிவைத்தால் அதுவரை கல் சும்மா இருக்குமா?

பதில் 1:
பலருக்கு இருக்கும், எண்ணெய்ப் பண்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் வயிற்று வலியோடு காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ புதுத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே கூட்டிப்போங்கள். அப்போது அது அவசர கேஸ், இழுப்பு இருந்தாலும் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்த்துக்கொண்டே மேற்கொண்டு என்ன செய்வதென்று முடிவெடுப்பார்கள்.