சர்வீஸுக்குப் பிறகு ஏர் ரைஃபிளில் புகை, வெடிச்சத்தம், குறி சிதறல்: உதவி தேவை

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 4.5 மி.மீ. பிரேக் பேரல் ஏர் ரைஃபிள் (பேரலை மடக்கிக் குண்டு போடுவது), ஸ்பிரிங் வகை. ஸ்கோப் இல்லை, அதோடு வந்த சைட்தான். போன வருஷம் அடையாளச் சான்று கொடுத்து, பில்லோடு புதிதாக வாங்கியது. மொட்டை மாடியில் பத்து மீட்டரில் அட்டை வைத்துப் பழகுகிறேன். இதுவரை பெரிய தொந்தரவு ஏதும் கொடுத்ததில்லை. அஞ்சு ரூபாய் நாணய அளவுக்குள் குண்டுகள் விழும்.

மடக்கும்போது கிறீச்சென்று சத்தம் வருகிறதே என்று ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். 'ஆயில் சர்வீஸ்' என்று செய்து கொடுத்தார்கள். கிறீச் போய்விட்டது. ஆனால் இப்போது சுட்டவுடன் பேரல் வாயில் நீலமாகப் புகை வருகிறது, எண்ணெய் கருகிய வாடை அடிக்கிறது. சில குண்டுக்கு 'டமார்' என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அடுத்த குண்டு சொத்தென்று போகிறது. அட்டையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது.

கடையில் கேட்டால் "எண்ணெய் போட்டா அப்படித்தான் இருக்கும், சுடச் சுடச் சரியாயிடும்" என்கிறார்கள். உண்மையா? நானே பிரித்துத் துடைத்துவிடலாமா? வீடியோ பார்த்தால் ரெண்டு பின், நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான் போலத் தெரிகிறது.

பழையஇரும்பு:
தம்பி, பிரிக்கிற பேச்சை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் சொல்வதற்குப் பெயர் டீசலிங். சைக்கிள் பம்ப் வேகமாக அடித்தால் அடிப்பக்கம் சுடும் இல்லையா, அதே சங்கதிதான். ஸ்பிரிங் விடுபட்டதும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றைக் கண்ணிமைக்கும் நேரத்தில் நசுக்குகிறது. அந்தச் சூட்டில் அறைக்குள் எண்ணெய் இருந்தால் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் ப்ளக் இல்லாமலே எரிகிறதே, அதே தத்துவம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. லேசான புகை, வாடை என்றால் ஒன்றும் இல்லை. புதுத் துப்பாக்கியிலும் முதல் டப்பா குண்டு தீரும்வரை புகை வரும். 'டமார்' வேறு விஷயம். அங்கே எண்ணெய் உண்மையிலேயே வெடிக்கிறது. பிஸ்டனைப் பின்னுக்கு உதைக்கும்; பிஸ்டன் முனையில் காற்றைப் பிடிக்கும் சீல் கருகும், ஸ்பிரிங் முறியும். ஒவ்வொரு குண்டுக்கும் எரிகிற எண்ணெய் கூடக் குறைய இருப்பதால் வேகமும் ஒரே மாதிரி இருக்காது. அட்டையில் மேலும் கீழுமாகச் சிதறுவதற்கு அதுவே போதும்.

மூன்று கேள்வி. எண்ணெயை எங்கே விட்டார்கள், என்ன எண்ணெய்? துப்பாக்கியின் பிடிக்கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் இறுக்கமாக இருக்கின்றனவா? அட்டைக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறீர்கள்?

ஈரோட்டுக்காரன்:
நன்றி அண்ணா. போன் போட்டுக் கேட்டேன். பேரலை மடக்கினால் தெரியுமே, அந்தச் சின்ன ஓட்டை, அதற்குள் தையல் மெஷின் எண்ணெய் 'நாலு சொட்டு நல்லா' விட்டார்களாம். ஸ்க்ரூவைப் பார்த்தேன்: முன்பக்கம் ரெண்டும் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பின! பின்பக்கம் சரியாக இருக்கிறது. அட்டைக்குப் பின்னால் ஒரு ப்ளைவுட் பலகை, அதற்குப் பின் மாடிக் கைப்பிடிச் சுவர். போட்டி விதிப்படி 1.4 மீட்டர் உயரத்தில்தான் அட்டையை மாட்டியிருக்கிறேன்.

பத்துமீட்டர்:
கடைசி வரியைப் படித்ததும் பதறிவிட்டேன், அதனால் அதைத்தான் முதலில் சொல்கிறேன். 1.4 மீட்டர் என்பது போட்டி அரங்கில் டார்கெட்டின் நடு நிற்கும் உயரம். அங்கே பின்னால் முழுச் சுவர் உண்டு. உங்கள் கைப்பிடிச் சுவர் என்ன உயரம்? வழக்கமாக மூன்று, மூன்றரை அடி. அதாவது உங்கள் அட்டையே சுவருக்கு மேலேதான் நிற்கிறது. பலகையைத் தவறவிடும் ஒரு குண்டுக்கு முன்னால் அடுத்த தெருதான் இருக்கிறது. ஏர் ரைஃபிள் குண்டு நூறு மீட்டர் தாண்டியும் போகும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். துப்பாக்கியே சிதறிச் சுடுகிற நேரத்தில் இந்த அமைப்பு கூடவே கூடாது.

ப்ளைவுட்டும் போதாது. ஒரே இடத்தில் பட்டுப் பட்டு ஓட்டையாகும், அல்லது குண்டு திரும்பி வரும். கான்கிரீட், கல், இரும்புத் தகடு எல்லாமே அப்படித்தான். ஒரு தடித்த மரப்பெட்டி எடுத்து, பழைய துணியும் செய்தித்தாள் கட்டுகளும் ஒரு அடி ஆழத்துக்கு நெருக்கித் திணியுங்கள். அதை வீட்டுக்குள் நீள வராந்தாவிலோ, மாடிப்படி அறையின் சுவரை ஒட்டியோ, பின்னால் ஆளே வர வழியில்லாத இடத்தில் வையுங்கள். உட்கார்ந்து சுட்டாலும் பரவாயில்லை, அட்டையை இறக்குங்கள். கண்ணாடி கட்டாயம். சாதாரண மூக்குக் கண்ணாடியை நம்ப வேண்டாம். பட்டறையில் போடும் பாலிகார்பனேட் கண்ணாடி மலிவுதான். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், நடுவில் முறுக்கு கொறிக்காதீர்கள். குண்டு ஈயம்.

ஈரோட்டுக்காரன்:
சரி அக்கா. அட்டை இறக்கியாயிற்று. பெட்டி தயாராகும்வரை சுடப் போவதில்லை.

லேத்பட்டறை:
தையல் மெஷின் எண்ணெய் கதைக்கு ஒரு காரணம் உண்டு. பலூன் சுடும் கடைகளில் ஓடுகிற பழைய துப்பாக்கிகளில் சீலாக இருப்பது பெரும்பாலும் தோல் வாசர். தோல் காய்ந்தால் சுருங்கும், காற்றைப் பிடிக்காது; அதற்கு அவ்வப்போது எண்ணெய் காட்ட வேண்டும். அதில் கை பழகியவர்கள் எல்லாத் துப்பாக்கிக்கும் அதே வைத்தியம் பார்க்கிறார்கள். போன வருஷம் வாங்கியது என்றால் உங்களுடையது அநேகமாக சிந்தெட்டிக் சீல். அதற்கு அந்த ஓட்டை வழியாக எதுவுமே விடக் கூடாது. தேங்காய் எண்ணெய், துரு எடுக்கும் ஸ்ப்ரே எல்லாம் இன்னும் மோசம். கிறீச் சத்தத்துக்கு மருந்து வெளியிலேயே இருந்தது: பேரல் மடங்கும் மூட்டிலும் காக்கிங் தண்டு (பேரலை மடக்கும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் தண்டு) உரசும் இடத்திலும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது), தீக்குச்சி முனையில் எடுத்துத் தடவினால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது. ஸ்பிரிங் காக் ஆகாத அளவுக்கு, அதாவது அழுந்திக் கொக்கியில் மாட்டாத அளவுக்கு மட்டும் பேரலை லேசாகத் திறந்து, ஓட்டைக்கு முன்னால் டிஷ்யூ பேப்பர் மடித்து வைத்து, வாய் கீழே பார்க்க ராத்திரி முழுக்கச் சாய்த்து வையுங்கள். காலையில் பேப்பர் மஞ்சளாகும். நனைவது நிற்கும்வரை பேப்பரை மாற்றிக்கொண்டே இருங்கள். பேரலுக்குள் இருக்கும் பிசுக்கை, மீன்பிடி நைலான் நரம்பில் சின்னத் துணித்துண்டு கட்டி, குண்டு போடும் பக்கமிருந்து வாய்ப்பக்கம் இழுத்து எடுங்கள். இரும்புக் கம்பியோ கம்பி பிரஷ்ஷோ வேண்டாம், உள்ளே குண்டைச் சுழல வைக்கும் மரைக்கோடு போய்விடும்.

கட்டை ஸ்க்ரூதான் உங்கள் இரண்டாவது வில்லன். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதறும், ஸ்க்ரூ தானாகக் கழலும். நீல நிற திரெட் லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு கழற்ற முடியாது.

பிரிப்பது பற்றி: அந்த ரெண்டு பின்னுக்குப் பின்னால் ஸ்பிரிங் அழுந்தின நிலையில் நிற்கிறது. காக் செய்யாவிட்டாலும் அழுத்தம் இருக்கும். பின்னைத் தட்டியதும் பின்மூடி முகத்துக்கு வரும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் யாரும் தொடக் கூடாது, வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே செய்தாலும் சரி.

மொட்டைமாடி:
எதுக்கு இவ்வளவு? வாசரையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு கெட்டி ஸ்பிரிங் ஒன்று போடுங்க பாஸ். காடை, கிளி எல்லாம் ஒரே அடி.

பழையஇரும்பு:
மொட்டைமாடி, ரெண்டும் தப்பு. நம் நாட்டில் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பது 4.5 மி.மீ. வாய்க்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்டவரைதான். 0.53 கிராம் குண்டு நொடிக்கு 275 மீட்டர் வேகத்தைத் தொட்டாலே 20 ஜூல் வந்துவிடும். அதைத் தாண்டினால் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். கிளியைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும். அட்டையில் ஓட்டை போட அந்த வேகமும் தேவையில்லை. ஒலிம்பிக்கில் பத்து மீட்டருக்குச் சுடும் ரைஃபிள்களே 170 மீட்டர் வேகத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை வைத்துத்தான் அபினவ் பிந்த்ரா 2008இல் தங்கம் வாங்கினார். அங்கே பத்துப் புள்ளிக்கான வட்டம் அரை மில்லிமீட்டர்.

ஈரோட்டுக்காரன்:
நிலவரம் சொல்கிறேன். பேப்பரில் எண்ணெய் வந்துகொண்டே இருந்தது, நாலு சொட்டு என்று சொன்னதை நான் நம்பவில்லை. ஸ்க்ரூ இறுக்கியாயிற்று. பெட்டி தயார், மாடிப்படி அறைச் சுவரை ஒட்டி, உட்கார்ந்து சுடும் உயரத்தில் வைத்திருக்கிறேன். டமார் சத்தம் நின்றுவிட்டது. புகை லேசாக வந்து, அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. அட்டையில் பாதிக்குப் பாதி சுருங்கியிருக்கிறது, ஆனால் பழைய நாணய அளவுக்கு வரவில்லை. குண்டும் கொஞ்சம் தாழ்வாகவே விழுகிறது.

லேத்பட்டறை:
தாழ்வாக விழுகிறது என்றால் வேகம் குறைந்திருக்கிறது. பேரலும் அறையும் சேரும் இடத்தில் ஓரிங் என்ற ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வெடித்த வெடியில் அது கருகியிருக்கலாம். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து அந்த இணைப்பின் மேல் படுக்கப் போட்டு, குண்டு போட்டுச் சுடுங்கள். பேப்பர் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. குண்டு இல்லாமல் சுட்டுப் பார்க்காதீர்கள். முன்னால் தடை இல்லாவிட்டால் பிஸ்டன் வெறுமனே மோதி சீல் உடையும்.

ஓரிங் மாற்றும்போதும் குண்டு போடும்போதும் ஒரு கை பேரலை விடாமல் பிடித்திருக்கட்டும். காக் ஆன துப்பாக்கியில் கொக்கி நழுவினால் பேரல் கத்தரிபோல் மூடும். கட்டைவிரல் நுனி போனவரை எனக்குத் தெரியும்.

பத்துமீட்டர்:
பிடியையும் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி உதறும். திறந்த உள்ளங்கையில் கட்டையை உட்கார வையுங்கள், விரல்கள் சுற்ற வேண்டாம், தோளில் லேசாக ஒட்டினால் போதும். நேராக மேஜை மேல், சுவர் மேல் வைத்துச் சுடக் கூடாது. குண்டு டப்பாவையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். பாவாடை (குண்டின் பின்பக்க விரிந்த விளிம்பு) நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி ஒதுக்கினாலே பாதி சிதறல் போகும்.

முடிந்தால் கோவையிலோ மதுரையிலோ ரைஃபிள் கிளப்புக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். சுடாத நேரத்தில் பேரல் முழுக்க ஆரஞ்சு நிறக் கயிறு செருகியிருப்பார்கள். உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே தெரியும். வீட்டுக்கும் அந்தப் பழக்கம் நல்லது, முக்கியமாகக் குழந்தைகள் மாடிக்கு வருவார்கள் என்றால்.

ஈரோட்டுக்காரன்:
பேப்பர் பறந்தே போனது! ஓரிங்கைக் குண்டூசியால் நெம்பி எடுத்தேன், ஒரு பக்கம் கருத்துப் போய்த் தட்டையாகியிருந்தது. ஹைட்ராலிக் சாமான் கடையில் அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டேன். இப்போது பேப்பர் அசையவில்லை, குண்டு பழைய இடத்தில் விழுகிறது. பிடியை மாற்றியதும் அஞ்சு ரூபாய் நாணயத்துக்குள் திரும்பிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: மழைக்காலத்தில் உறையோடு பீரோவில் வைக்கலாமா?

பழையஇரும்பு:
உறை ஈரம் குடிக்கும், வேண்டாம். கை வேர்வை பட்ட இடங்களைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் பேரலின் வெளிப்பக்கம் மட்டும் ஒரு தடவு தடவி, காக் செய்யாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள். குண்டு டப்பா வேறு இடத்தில், வேறு பூட்டில். எப்போதாவது காக் செய்த பிறகு சுட மனமில்லாமல் போனால், அப்படியே மூலையில் சாய்த்துவிடாதீர்கள். குண்டு போட்டு அந்தத் துணிப்பெட்டிக்குள் சுட்டுவிட்டு வையுங்கள்.

லேத்பட்டறை:
புது ஓரிங் ரப்பர் கொஞ்சம் அமுங்கும். அடுத்த டப்பா குண்டு முடிந்ததும் டிஷ்யூ பேப்பரை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள், முன் ஸ்க்ரூ ரெண்டையும் கூட.